பாலைவனத்தில் வண்டி நின்றுவிட்டால் காத்திருப்பதா, நடப்பதா?

தொடுவான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோடை தணியத் தொடங்கும் வாரங்களில் நாங்கள் நால்வர், நான்கு சக்கர இயக்கம் உள்ள ஒரே வண்டியில், மணல்மேடுகள் நிறைந்த பாலைவனம் ஒன்றைக் குறுக்காகக் கடந்து, 3 இரவுகள் தங்கித் திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். பகல் வெப்பம் அப்போதும் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும் என்று தெரிகிறது. எங்களில் இருவருக்கு மணலில் ஓட்டிய பழக்கம் உண்டு. நானும் மற்றொருவரும் முற்றிலும் புதியவர்கள்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. நால்வருக்கும் சேர்த்து 40 லிட்டர் தண்ணீர் போதும் என்கிறார்கள், போதுமா? தண்ணீர் குறைந்தால் நாக்கு நனையும் அளவுக்கு மட்டும் குடித்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன்; அது சரியா? வழியில் வண்டி பழுதாகி, கைபேசிக்குச் சிக்னலும் இல்லாத நிலையில் உதவி தேடி நடப்பதா, அங்கேயே இருப்பதா? மூன்றாவதைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மணல்தடம் எழுதியது:

தொடுவான் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மூன்றாவது ஐயத்தில்தான் உயிர் இருக்கிறது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் இதேபோல ஒற்றை வண்டியில் சென்றிருந்தோம். காலை 10 மணியளவில் பெல்ட் அறுந்து என்ஜின் கொதித்து நின்றது. தொலைவில் ஒரு கோபுரம் துல்லியமாகத் தெரிந்தது, 3 கி.மீ.க்கு மேல் இராது என்று இருவருமே மதிப்பிட்டோம். நண்பரை வண்டியருகே விட்டுவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரோடு நான் கிளம்பினேன். தூசி இல்லாத வறண்ட காற்றில் தொலைவு சுருங்கித் தெரியும் என்பதோ, இடையில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ இல்லாத வெளியில் கண் சொல்லும் கணக்கை நம்பக் கூடாது என்பதோ அன்று எனக்குத் தெரியாது. 40 நிமிடம் நடந்த பிறகும் கோபுரம் அதே உயரத்தில்தான் நின்றது. புட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுக்க நாக்கால் தள்ள வேண்டியிருந்தது. திரும்பலாம் என்று பார்த்தால், வந்த தடத்தைக் காற்று பாதி அழித்திருந்தது. நண்பர் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, அதன் முனையில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அந்தத் துண்டு இல்லையென்றால் இரண்டு மேடு தள்ளி வண்டியைக் கடந்தே போயிருப்பேன். மறுநாள் மாலை எங்களைத் தேடி வந்தவர்கள் முதலில் கண்டதும் அந்தத் துண்டைத்தான்.

வானிலிருந்து தேடுபவருக்கு மனித உருவம் மணலில் ஏறக்குறையத் தென்படாது. வண்டி அப்படியன்று, அதன் நிழல், கண்ணாடியின் மினுக்கம், நேர்கோட்டு விளிம்புகள் எல்லாம் இயற்கையோடு பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். 1996 ஜூலையில் அமெரிக்காவின் டெத் வேலி பகுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த 4 சுற்றுலாப் பயணிகள் காணாமற்போயினர். அவர்களுடைய வாடகை வண்டி அதே ஆண்டு அக்டோபரில், சக்கரங்கள் பழுதாகிய நிலையில், ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டது. அவர்களுடையவை என்று கருதப்படும் எலும்புகள் கிடைத்ததோ 2009-இல், வண்டியிலிருந்து பல கி.மீ. தெற்கே. அந்தத் திசையில் ஓர் இராணுவத் தளம் இருப்பதாக வரைபடம் காட்டியதால், எல்லையில் காவலர்கள் இருப்பார்கள் என்று நம்பி அவர்கள் நடந்திருக்கலாம் என்பது, தேடிக் கண்டுபிடித்தவருடைய ஊகம்.

ஆகவே என் விடை ஒரே வரிதான்: வண்டியை விட்டு நகராதீர்கள்.

கணக்கன் எழுதியது:

தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். மணல்தடம் ஐயாவின் ஒரே வரி விடையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் பிறகு வைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக உடலியலாளர் எட்வர்ட் அடால்ஃப் தலைமையிலான குழு, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களைக் கொண்டு நீண்ட சோதனைகளை நடத்தியது. குறைவாகக் குடித்தால் உடல் குறைவாக வியர்க்கும் என்ற பழைய நம்பிக்கை அங்கே உடைந்தது. வியர்வை வெப்பத்துக்கும் உழைப்புக்கும் ஏற்பச் சுரக்கிறது. நீங்கள் குடித்தீர்களா இல்லையா என்று அது கேட்பதில்லை. எனவே புட்டியில் மிச்சம் பிடித்த தண்ணீர், உடலிலிருந்து கடனாக எடுத்த தண்ணீர்தான். புட்டியில் தண்ணீர் இருக்கும்போதே நாவறண்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. மிச்சம் பிடிக்க வேண்டியது வியர்வையை: நிழலில் படுத்திருப்பது, உடலை மூடிக்கொள்வது, வெயிலில் வேலை செய்யாமல் இருப்பது. இது உங்கள் இரண்டாவது ஐயத்துக்கான விடை.

அவர்கள் கணக்கிட்ட அட்டவணை எவரையும் சிந்திக்க வைக்கும். நிழலிலேயே அசையாமல் இருக்கும் ஒருவர், துளித் தண்ணீரும் இல்லாமல், பகலின் உச்ச வெப்பம் 38 டிகிரி என்றால் ஏறத்தாழ 5 நாள் தாக்குப்பிடிக்கலாம். 49 டிகிரி என்றால் 2 நாள்தான். கையில் 4 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் முன்னது 7 நாளாக நீள்கிறது. பின்னது இரண்டரை நாளோடு நின்றுவிடுகிறது. கடும் வெப்பத்தில் சில லிட்டர்கள் வாங்கித் தருவது சில மணி நேரம் மட்டுமே.

40 டிகிரி வெயிலில் வண்டியைத் தள்ளி, மணலை வாரி உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் என்று வைத்தால் நால்வருக்கு 4 நாளில் 96 லிட்டர் ஆகிறது. பழுதாகி நின்றால் கூடுதலாக 3 நாள், நாளுக்கு 5 லிட்டர் வீதம் 60 லிட்டர். மொத்தம் ஏறத்தாழ 155 லிட்டர். நீங்கள் சொன்ன 40 லிட்டர் ஒன்றரை நாள் கணக்கு. அதையும் ஒரே பீப்பாயில் வைக்காதீர்கள். ஒரு விரிசலில் எல்லாம் போய்விடும். 10 லிட்டர், 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து வையுங்கள்.

இப்போது மறுப்பு. யாரும் தேடி வராத இடத்தில் வண்டியோடு அமர்ந்திருப்பது காத்திருப்பது ஆகாது. 1905 ஆகஸ்டில் அரிசோனாவின் தினஹாஸ் அல்தாஸ் நீர்க்குழிகளுக்கு அருகே பாப்லோ வலென்சியா என்பவர் ஒரு நாள் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 7 நாள் அலைந்து, ஊர்ந்து வந்து உயிர் பிழைத்தார். அவரைப் பேணிய டபிள்யூ. ஜே. மெக்கீ அடுத்த ஆண்டே அதைப் பதிவு செய்திருக்கிறார். 1994-இல் மொராக்கோவில் நடக்கும் மணல் மாரத்தானில் புழுதிப் புயலில் வழி தவறிய இத்தாலிய வீரர் மௌரோ ப்ரோஸ்பெரி, ஏறத்தாழ 9 நாள் அலைந்து அல்ஜீரியாவில் பிழைத்து எழுந்தார். இருவரும் நகர்ந்ததால்தானே பிழைத்தார்கள்?

மணல்தடம் எழுதியது:

கணக்கன் அவர்களே, பிழைத்தவர்கள் மட்டுமே கதை சொல்ல வருகிறார்கள் என்பதைக் கணக்கு வைப்பவராகிய நீங்கள் மறந்துவிட்டீர்கள். ப்ரோஸ்பெரிக்கு நிழலாக ஒரு பழைய தொழுகையிடம் கிடைத்தது. ஓட்டம், நீச்சல் உள்ளிட்ட ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த பென்டத்லான் போட்டியில் பழகிய உடல் அவருடையது. பகலில் ஒதுங்கி, விடியலிலும் மாலையிலும் மட்டுமே நடந்திருக்கிறார். அவ்வளவுக்குப் பிறகும் 15 கிலோவுக்குக் குறையாத எடையை இழந்தார். மேலும், இருவரிடமும் விட்டு வர வண்டி ஏதும் இல்லை.

ஆனாலும் உங்கள் மறுப்பின் முதல் வரியை நான் தள்ளிவிட முடியாது. எங்களைத் தேடி ஆள் வந்தது, நண்பரின் தமக்கையாரிடம் வழியையும் திரும்பும் நாளையும் எழுதிக் கொடுத்திருந்ததால். அந்தத் தாள் இல்லாமல் நாங்கள் அங்கே அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். காத்திருப்பதா, நடப்பதா என்ற கேள்விக்கு விடை வண்டி நின்ற இடத்தில் எழுதப்படுவதில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு வீட்டில் எழுதப்படுகிறது. தாள் யாரிடமேனும் இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் இரண்டுமே சூதாட்டம்.

இரவுக்காவல் எழுதியது:

அவசரப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றுபவள் என்ற முறையில் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். மேலே எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். தண்ணீர் நிறைய இருக்கும்போதும் வெப்பம் ஆளைக் கொல்லும் என்பதை யாரும் சொல்லவில்லை.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, வெளிறிய ஈரத் தோல் ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். நிழல், ஓய்வு, தண்ணீர், சிறிது உப்பு ஆகியவற்றால் இது பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் உடன் வந்தவர் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால், காரணமில்லாமல் சினந்தால், நடையில் தள்ளாடினால், அது வெப்பத்தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கொள்ள வேண்டும். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் ஆள் வியர்த்துக்கொண்டேதான் இருப்பார். குழப்பம்தான் அடையாளம். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கு முன் குளிர்விக்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி, அட்டையோ துணியோ எது கையில் கிடைத்தாலும் இடைவிடாமல் விசிறுங்கள். குடிநீரை இதற்கு வீணாக்கலாமா என்று தயங்க வேண்டாம். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. பயத்தில் வெறும் தண்ணீரை மணிக்கணக்காகக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், அதனாலும் தலைவலி, குழப்பம், வலிப்பு வரும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வேளை தவறாமல் உண்பவருக்கு உணவின் உப்பே பெரும்பாலும் போதும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். உப்பு அளவு மீறக் கூடாது.

பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்து கிடைக்கும் இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தேளுக்குச் சிறு புறஊதா விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லலாம்; அந்த ஒளியில் தேள் பச்சை நீலமாக ஒளிரும். எனக்குத் தெரிந்து பாலைவன இரவுகளின் மிக அழகான, மிக அச்சமூட்டும் காட்சி அதுதான். காலையில் காலணியைத் தட்டாமல் காலை நுழைக்காதீர்கள்.

புதியவன் எழுதியது:

மூத்தோர் பொறுத்தருள வேண்டும். குழி தோண்டிப் பிளாஸ்டிக் தாளை விரித்தால் தண்ணீர் சொட்டும் என்றும், கள்ளியை வெட்டினால் நீர் கிடைக்கும் என்றும், வேறு வழியில்லாவிட்டால் சிறுநீரைக் குடிக்கலாம் என்றும் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் இவ்வளவு தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை அல்லவா?

கணக்கன் எழுதியது:

புதியவன் அவர்களே, கேட்டது நல்லதாயிற்று. கேட்காமல் புறப்படுபவர்கள்தான் மிகுதி. பிளாஸ்டிக் தாள் முறை 1965-இல் ஜாக்சன், வான் பாவெல் என்னும் இருவர் எழுதிய அறிவியல் கட்டுரையால் பரவியது; கோட்பாட்டில் பிழையில்லை. ஆனால் வறண்ட மணலில் நாளொன்றுக்கு ஒரு லிட்டரைத் தொடுவதே அரிது. குழி தோண்டும் ஒரு மணி நேரத்தில் அதைவிட மிகுதியாக வியர்த்துவிடும். கள்ளி வகைகளில் பலவற்றின் சாறு ஆக்சாலிக் அமிலமும் கசப்பு நஞ்சுகளும் கலந்தது. குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து, உள்ள நீரும் போகும். சிறுநீரில் உடல் வெளியே தள்ளிய உப்பு இருக்கிறது. அதைக் குடிப்பதைவிடத் துணியில் நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வது மேல்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டர் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், சிறுநீரகத்தை அழிக்கும். கண்ணாடி துடைக்கும் நீரில் பெரும்பாலும் மெத்தனால் கலந்திருக்கும். கண்ணையும் உயிரையும் பறிக்கும். தாகத்தின் உச்சத்தில் எவருக்கும் அந்த எண்ணம் வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உப்புவெளி எழுதியது:

நான் மருத்துவமும் அறியேன், அறிவியலும் அறியேன். வண்டி மட்டும் அறிவேன். மணலில் வண்டி நிற்பது பெரும்பாலும் பழுதால் அன்று, ஓட்டுநரின் பொறுமையின்மையால்.

சாலையில் 35 பிஎஸ்ஐ காற்றோடு ஓடும் சக்கரத்தை, மணலில் இறங்குவதற்கு முன் 15 முதல் 18 வரை குறையுங்கள். சக்கரம் தட்டையாகி நீளவாட்டில் பரந்து, ஒட்டகத்தின் பாதம்போல மணல்மேல் அமரும். கடினத் தரைக்கு வந்ததும் மறக்காமல் காற்று நிரப்ப வேண்டும்; ஆகவே கம்ப்ரஸர் இல்லாமல் புறப்படாதீர்கள். சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் வண்டியின் வயிறு மணலில் அமர்ந்துவிடும். பிறகு மண்வாரியோடு அரை நாள் போகும். வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதே பாதித் தடவைகளில் போதுமானது. போதாவிட்டால், சக்கரத்துக்கு முன்னால் மட்டுமல்லாமல் வயிற்றுக்கு அடியிலும் மணலை வாரி, மணல் பலகையைச் செருகுங்கள். இந்த வேலையைக் காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். நண்பகலில் சிக்கினால் மாலை வரை நிழலில் படுத்திருப்பதுதான் வேலை.

மேட்டின் காற்றடிக்கும் பக்கம் சாய்வாக இருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாகச் சரியும். உச்சிக்குப் போவதற்குச் சற்று முன் நிறுத்தி, இறங்கி, நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். நண்பகலில் நிழல் விழாததால் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் தாளாகத் தெரியும்; என் பழக்கம் 11 மணிக்கு ஓட்டத்தை நிறுத்துவது. சரிவில் பக்கவாட்டில் ஓட்டாதீர்கள், உருளும். உப்புப் பாளம் படிந்த தட்டையான தரை ஓட இனிமையாகத் தோன்றும். பாளத்துக்குக் கீழே சேறு இருந்தால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். தடம் இருக்கும் இடத்தை விட்டு அதில் விலகாதீர்கள். இன்னொரு வண்டியை இழுக்கும்போது கயிற்றை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பூட்டாதீர்கள். அது உடைந்து குண்டுபோலப் பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வண்டியில் போகாதீர்கள். இரண்டாவது வண்டி இருந்தால் இந்த இழையின் தலைப்பே தேவைப்படாது.

வடமீன் எழுதியது:

திசை பற்றிய பகுதி விடுபட்டிருக்கிறது. குளிர்ந்த இரவில் நடப்பது நல்லது என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் தூனிசியாவின் சகாரா பகுதியில் ஆட்களை நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் கருவியால் தடத்தைப் பதிந்தார்கள். நிலவொளியில் ஒருவர் நேராகவே நடந்தார். நிலவு மறைந்ததும் சில முறை வளைந்து, புறப்பட்ட திசையை நோக்கியே நடக்கத் தொடங்கிவிட்டார். தாம் வளைந்தது அவருக்குத் தெரியாது. ஆகவே இரவில் நடக்க நேர்ந்தால் ஒரு விண்மீனையோ திசைகாட்டியையோ நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். பாறைகளிலும் தேள்களிலும் கால் படும் என்பது வேறு.

வழிகாட்டும் செயலி காட்டும் ஒவ்வொரு கோடும் சாலையன்று. கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளைக் கூட அது சாலை என்று காட்டும். டெத் வேலி வனக்காவலர்கள் இதற்கு 'ஜிபிஎஸ் மரணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காகித வரைபடமும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் வண்டியில் இருக்க வேண்டும்.

சிக்னல் இல்லாத இடத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்பாஸ் சார்சாட் செயற்கைக்கோள் அமைப்பு அதன் குரலைக் கேட்டு மீட்புக் குழுவுக்கு அறிவிக்கும். முன்பு 121.5 மெகாஹெர்ட்ஸிலும் கேட்டார்கள். 2009 பிப்ரவரி 1-உடன் அதை நிறுத்திவிட்டார்கள், எனவே பழைய கருவியை யாரேனும் மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும் நல்லதுதான். ஆனால் சில நாடுகளில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருவி எதுவும் இல்லாவிட்டால் கண்ணாடி. உள்ளங்கை அளவுக் கண்ணாடியின் மினுக்கம் பல கி.மீ. தாண்டித் தெரியும். தரையில் கற்களாலோ துணியாலோ ஆளுயரத்தைவிடப் பெரிதாக 'வி' எழுத்தை அமைத்தால் உதவி தேவை என்றும், 'எக்ஸ்' எழுத்தை அமைத்தால் மருத்துவ உதவி தேவை என்றும் விமானிகள் படிப்பார்கள். பகலில் கரும்புகைக்கு உபரிச் சக்கரத்தை எரிக்கலாம். முதலில் வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். வண்டியிலிருந்து காற்றின் போக்கில் தள்ளி எரிக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்லி வைக்கிறேன்.

இரவுக்காவல் எழுதியது:

ஆடையைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று தோலைவிட வெப்பமாக இருக்கும்போது கைகளைத் திறந்து வைத்தால் காற்றே உடலைச் சூடேற்றும். தொளதொளவென்ற நீண்ட ஆடை, காதையும் கழுத்தையும் மூடும் துணி ஆகியவைதான் ஏற்றவை. அரபுப் பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவதைப் பார்த்து வியந்தவர்கள் 1980-இல் அதை அளந்தே பார்த்தார்கள்: தளர்வாக அணிந்தால் கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் உடலுக்குக் கடத்தும் வெப்பத்தில் வேறுபாடு இல்லை. துணி உறிஞ்சும் கூடுதல் வெப்பம் தோலைத் தொடுமுன்பே உள்ளே ஓடும் காற்றோடு போய்விடுகிறது.

நிழலில் படுப்பவர்கள் வெறுந்தரையில் படுக்காதீர்கள். வெயில் பட்ட மணல் 70 டிகிரியைத் தொடும். இருக்கையைக் கழற்றிப் போட்டு அரை மீட்டர் உயரத்தில் படுத்தாலே வேறுபாடு தெரியும். வண்டிக்குள் அமர்வது அடுப்புக்குள் அமர்வது. இரவில் நேர்மாறாகக் குளிரும். கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.

மணல்தடம் எழுதியது:

விடுபட்ட இரண்டைச் சேர்த்துவிடுகிறேன். வறண்ட ஓடைப் படுகையில் கூடாரம் போடாதீர்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். மழை பெய்தது பல கி.மீ. மேலே. அவர்கள் நின்ற இடத்தில் சொல்லத்தக்க மழையே இல்லை.

சாலையில் இருக்கும்போது புழுதிச் சுவர் எழுந்து வந்தால், சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். கண் தெரியாமல் பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று எண்ணி, நேரே வந்து மோதுவார்.

நெறியாளர் எழுதியது:

குறிப்பிட்ட வழித்தடங்களின் ஆயத்தொலைவுகளைக் கேட்டு வந்த சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பருவத்துக்குப் பருவம் மணல் நகர்வதால், பழைய தடத்தை நம்பி எவரும் செல்லக் கூடாது என்பதே காரணம். விவாதம் தொடரலாம்.

தொடுவான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்த பிறகு நாங்கள் ஒரு முழு மாலை அமர்ந்து திட்டத்தை மாற்றியிருக்கிறோம். இரண்டாவது வண்டியும் மேலும் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். தண்ணீர் 230 லிட்டர், 14 கேன்களில், இரு வண்டிகளிலும் பாதிப்பாதியாக. அவசர ஒலிபரப்பி ஒன்று, கண்ணாடிகள் இரண்டு, கம்ப்ரஸர், மணல் பலகைகள், சிவப்புத் துண்டு ஒன்று. வழியையும் இரவு தங்குமிடங்களையும் வண்டிகளின் நிறத்தையும் எண்களையும் எழுதி, என் அண்ணியாரிடம் கொடுக்கப்போகிறேன். ஞாயிறு மாலைக்குள் திரும்பாவிட்டால் காவல் துறைக்குச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். வேறு ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

மணல்தடம் எழுதியது:

"மாலைக்குள்" என்பது நேரம் ஆகாது. 4 மணியும் மாலைதான், 7 மணியும் மாலைதான். தாளை வைத்திருப்பவர் தயங்கித் தயங்கி இரவைக் கடத்திவிடுவார். "ஞாயிறு இரவு 9 மணிக்குள் என் குரலைக் கேட்காவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று எழுதுங்கள், எண்ணையும் எழுதுங்கள். வழியில் மனம் மாறி வேறு தடத்தில் திரும்பும் ஆசை வந்தால், அந்தத் தாளை நினைத்துக்கொண்டு அடக்கிவிடுங்கள். இன்னொன்று: திரும்பியதும் முதல் வேலையாக அவரை அழையுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தொடுவான் எழுதியது:

நேற்று இரவு நலமாகத் திரும்பினோம். இரண்டு முறை மணலில் சிக்கினோம்; ஒரு முறை நண்பகலில். உப்புவெளி அவர்கள் சொன்னபடி மண்வாரியைத் தொடாமல், விரிப்பைக் கட்டி 4 மணி வரை படுத்திருந்தோம். பிறகு 20 நிமிடத்தில் வண்டி வெளியே வந்தது. தண்ணீரில் 70 லிட்டருக்குச் சற்றே குறைவாக மிஞ்சியது. கணக்கன் அவர்களின் கணக்குக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. ஒரு பெரிய தேளைப் புறஊதா ஒளியில் பார்த்தோம், காலணிக்கு இரண்டு சாண் தள்ளி.

8:20 மணிக்குச் சாலையைத் தொட்டதும் சக்கரங்களுக்குக் காற்று நிரப்புவதில் மூழ்கிவிட்டோம். 9:04 மணிக்கு என் கைபேசி ஒலித்தது. மறுமுனையில் அண்ணியார் என்னிடம் பேசவில்லை. "கிடைத்துவிட்டார்கள், நீங்கள் வர வேண்டாம்" என்று இன்னொரு தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.